நூர் இனாயத் கான் அம்மையார்

போர்த்தொழில் ஆடவர்க்கே உரியது என்பது பன்னெடுங்காலமாக உலகத்தார் கொண்டிருந்த கொள்கை. நம் பழைய புறப்பாடல்களுள்ளும் மகனைக் களத்திற்கு விடுத்த தாயைக் காண்கின்றோமேயன்றித் தானே படைக்கலம் ஏந்திச் சென்ற தாயைக் காண்பது அரிது. பெற்று வளர்த்து அனுப்புவதோடும், மாண்டான் என்ற செய்தி வந்தால் அழுவதோடும் அவள் பங்கு முடிந்தது. 20-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த இரண்டு பெரும்போர்கள் இக்கொள்கையை நிலைகுலையச் செய்தன. ஆடவர் இலட்சக்கணக்கில் களத்திற்குச் சென்றுவிட்டமையால், தொழிற்சாலையும் கழனியும் மருத்துவமனையும் தந்தி நிலையமும் மாதர் கைக்கு வந்தன. 1941 டிசம்பரில் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், 20 முதல் 30 வயதுக்குட்பட்ட மணமாகாத பெண்களைக் கட்டாயமாகவே போர்ப்பணிக்கு அழைத்தது. மகளிரை வீட்டுக்குள் இருத்துவதே ஒழுக்கம் என்று முன்னர்ப் பேசிய அதே அரசுகள், வீட்டைவிட்டு வெளியே வருவதே தேசபக்தி என்று பேசத் தலைப்பட்டன.

இப்பொருள் பற்றி யாம் எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டில் ஒருநாள், வரலாற்று ஆசிரியர் விடுப்பில் இருந்தமையால் அவர் வகுப்பை யாம் ஏற்க நேர்ந்தது. தமிழ்ப் பண்டிதர் உலகப்போர்ப் பாடம் நடத்தினால் எவ்வாறு இருக்கும் என்பதை அன்பர்கள் தாமே ஊகித்துக்கொள்ளலாம். ஆண்டுகளையும் தலைவர் பெயர்களையும் ஒருவாறு சொல்லி முடித்தபொழுது, மாணவி ஒருத்தி எழுந்து, அந்த ஆறாண்டும் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று வினவினாள். பாடநூலில் விடை இல்லை. யாமும் ஏதோ சொல்லி மழுப்பினோம் என்பதை ஈண்டு மறைப்பதற்கில்லை. பின்னர் நூலகத்திலும் பிறவிடத்தும் தேடிப் படித்தவற்றுள் எம் நெஞ்சை விட்டு நீங்காதது நூர் இனாயத் கான் என்னும் அம்மையாரின் வரலாறாகும். அவர் உயிர் நீத்து 80 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. மேலைநாட்டார் அவருக்குச் சிலை எடுத்துள்ளனர். ஆனால் நம் பக்கத்தில் அவரை அறிந்தார் சிலரே.

அவர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். பண்ணைப்புரமும் அதன் இருமருங்குமுள்ள கோம்பை, தேவாரம் ஆகிய பாளையங்களும் ஒருகாலத்தில் திண்டுக்கல் சீமையைச் சேர்ந்திருந்தன என்பது ஊர்ப் பெரியோர் அறிந்ததே. 1755-இல் அச்சீமைக்குத் தலைவராய் வந்த ஐதர் அலியும், அவர்க்குப் பின் அவர் மகனார் திப்பு சுல்தானும், 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அது கும்பினியார் கைக்கு மாறும்வரை இதனைத் தம் ஆணைக்குட்படுத்தி வைத்திருந்தனர். அத்திப்பு சுல்தானின் வழியில் தோன்றியவரே நூர் அம்மையார். ஆங்கிலேயரோடு பொருது 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் வீழ்ந்தவரின் குலக்கொடி, ஆங்கிலேயர் படையிற் சேர்ந்து உயிர் கொடுத்தமை விந்தையிலும் விந்தையன்றோ? இது பற்றிப் பின்னர் விரித்துரைப்போம்.

அம்மையாரின் தந்தையார் இனாயத் கான் என்பவர் பரோடா நகரத்தில் பிறந்த இசைவாணர், வீணையில் வல்லவர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் மௌலா பக்ஷ், வடநாட்டு இசையோடு கர்நாடக இசையையும் பயின்று, பரோடாவில் இசைப்பள்ளி நிறுவிய பெருமையுடையார். இசைஞானியைப் பெற்ற ஊராராகிய நமக்கு, இசைக் குடும்பம் என்றவுடனே ஒரு பரிவு தோன்றுதல் இயல்பு. இனாயத் கான் 1910-இல் அமெரிக்கா சென்று, இசையோடு சூபி நெறியையும் பரப்பினார். ஆங்கு ஓரா ரே பேக்கர் என்னும் அமெரிக்க நங்கை அவர்பால் அன்பு கொண்டு, சுற்றத்தாரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது கடல் கடந்து சென்று அவரை மணந்தார். இவ்விருவர்க்கும் தலைமகளாக நூர் 1914 சனவரி 1-ஆம் நாள் மாஸ்கோ நகரில் பிறந்தார். நூர் என்னும் சொல்லுக்கு ஒளி என்பது பொருள்.

அவ்வாண்டிலேயே முதற்பெரும்போர் மூண்டது. குடும்பத்தார் இலண்டனில் குடியேறிப் போர்க்காலத்தைக் கழித்தனர். 1920-இல் பிரான்சுக்குச் சென்று, சில ஆண்டுகளில் பாரிஸுக்கு அருகேயுள்ள சுரேன் என்னும் ஊரில் ஓர் அன்பர் அளித்த மாளிகையில் வாழலாயினர். நூருக்குப் பின் ஆண்மக்கள் இருவரும் ஒரு பெண்ணும் பிறந்தனர். வீட்டில் வீணையொலியும் வழிபாடும் விருந்தினர் கூட்டமும் எந்நாளும் இருந்தன. செல்வம் மட்டும் அத்துணை இல்லை.

1926-இல் தந்தையார் தாய்நாட்டைக் காண விழைந்து புறப்பட்டார். 1927 பிப்ரவரியில் தில்லியில் நோயுற்று இறந்தார். அவர் கல்லறை இன்றும் நிசாமுத்தீன் பகுதியில் உளது. செய்தி கேட்ட தாயார் துயரம் தாளாது அறைக்குள் ஒடுங்கிவிட்டார். அன்று நூருக்கு வயது 13. தம்பியர் இருவரையும் தங்கையையும் பேணும் கடமையும், வீட்டுக் கணக்கும், தாய்க்குத் தாயாய் இருக்கும் பொறுப்பும் அச்சிறுமியின் தோள்மீது ஏறின. பின்னாளில் அவரைத் தேர்ந்தெடுத்த அதிகாரிகள் அவர்பால் மென்மையைக் கண்டு ஐயுற்றனர். பதின்மூன்று வயதில் ஒரு குடும்பத்தைத் தாங்கிய பெண்ணை மெல்லியள் என்று எண்ணுதல் எத்துணைப் பிழை! நம் ஊர்களிலும் தகப்பனை இழந்த வீட்டில் மூத்த பெண் செய்வதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். கண்டும் அதனைத் திறமை என்று பெயரிட்டு அழைப்பதில்லை.

வளர்ந்தபின் நூர், சார்போன் பல்கலைக்கழகத்தில் குழந்தை உளநூலும், இசைக்கல்லூரியில் நாடியா பூலாஞ்சே என்னும் புகழ்பெற்ற ஆசிரியையிடம் இசையும் பயின்றார். யாழ்போன்ற ஹார்ப் கருவியும் வீணையும் வாசித்தார். பிள்ளைகளுக்குக் கதை எழுதுவதில் அவருக்குப் பெருவிருப்பம். பாரிஸ் வானொலியிலும் நாளிதழிலும் அவர் கதைகள் வந்தன. 1939-இல் புத்த சாதகக் கதைகளுள் இருபதை எடுத்துச் சிறுவர்க்கேற்ப எழுதிய நூல் இலண்டனில் வெளியாயிற்று. அவற்றுள் குரங்கரசன் கதை ஒன்று. வில்லாளர் சூழ்ந்துகொண்டபொழுது, தன் கூட்டத்தார் ஆற்றைக் கடத்தற்பொருட்டுக் குரங்கரசன் தன் உடலையே பாலமாக நீட்டிக் கிடந்தது; எல்லாரும் கடந்தபின் அதன் முதுகெலும்பு முறிந்தது. இக்கதையை எழுதிய கை நான்காண்டுகளிற் செய்யப்போவதை அன்று யாரும் அறிந்திலர்.

1940 மே மாதத்தில் ஜெர்மானியர் பிரான்சுக்குள் புகுந்தனர். ஜூன் 14-இல் பாரிஸ் வீழ்ந்தது. தந்தையார் போதித்தது அன்பும் கொல்லாமையும். ஆனால் யூத மக்கள் படும் பாட்டைக் கண்டும் வாளாவிருத்தல் அறமாகுமா என்று நூரும் மூத்த தம்பி விலாயத்தும் தம்முள் வாதித்தனர். தாம் எவரையும் கொல்லாதபடி, ஆயின் பிறர் கொல்லப்படாமல் தடுப்பதற்காகத் தம் உயிரை இடர்க்குட்படுத்தும் பணி எதுவோ அதனை ஏற்பது என்று துணிந்தனர். குடும்பம் அகதிகளோடு அகதிகளாய் போர்டோ துறைமுகம் சென்று கப்பலேறி, அந்த ஜூன் மாதத்திலேயே இங்கிலாந்தை அடைந்தது.

1940 நவம்பர் 19-ஆம் நாள் நூர் ஆகாயப்படையின் மகளிர் துணைப்படையிற் சேர்ந்தார். அங்கு அவரைக் கம்பியில்லாத் தந்திப் பயிற்சிக்கு அனுப்பினர். அதுவரை அத்தொழில் ஆடவரிடமே இருந்தது. பெண்களை அதற்குப் பயிற்றும் முதற்குழுவினருள் நூர் ஒருவராயினார். யாழ் நரம்பில் பழகிய விரல்கள் தந்திக் குறியீடுகளைத் தட்டுவதில் விரைந்து தேர்ந்தன. 1943-இல் அத்துணைப்படையின் தொகை 1,80,000-க்கு மேற்பட்டது. வேலை ஒன்றேயாயினும் ஊதியம் ஒன்றாக இல்லை. ஆடவர் பெற்றதில் மூன்றில் இரண்டு பங்கே மகளிர்க்கு அளிக்கப்பட்டது. பெண்ணின் உழைப்புக்கு மட்டும் தனித் தராசு வைத்திருப்பதில் கீழ்நாடும் மேல்நாடும் ஒன்றுபட்டே இருந்தன போலும்!

அதிகாரிப் பதவிக்கான நேர்காணலில் இந்திய விடுதலை பற்றி அவரை வினவினர். போர் முடியுங்காறும் இங்கிலாந்துக்கு உண்மையாய் உழைப்பதாகவும், முடிந்தபின் இந்திய விடுதலைக்குத் துணை நிற்கவேண்டிவரின் அவ்வாறே நிற்பதாகவும் நூர் ஒளியாது கூறினார் என்று அவர் வரலாறு எழுதியோர் உரைப்பர். வேலை வேண்டி நிற்பவர் இத்தகைய விடை கூறுவதைப் பேதைமை என்பார் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை.

அக்காலத்தில் பகைவர் ஆண்ட நாடுகளுள் ஒற்றரையும் நாசவேலைக்காரரையும் இறக்குதற்கென்று இங்கிலாந்து அரசு ஒரு விசேடச் செயல்துறையை அமைத்திருந்தது. அதன் பிரெஞ்சுப் பிரிவினர் 1942 நவம்பரில் நூரை அழைத்துப் பேசினர். பெண்களை இப்பணிக்கு அனுப்பியதற்குக் காரணம் பெண்ணுரிமைப் பற்று அன்று, முழுதும் தேவையே. பிரான்சில் வாலிப வயதினரான ஆடவரைத் தெருவில் கண்டால் ஜெர்மானியர் நிறுத்தி வினவுவர்; 1943 பிப்ரவரி முதல் அவரைக் கட்டாய வேலைக்கு ஜெர்மனிக்கு அனுப்பும் சட்டமும் வந்துவிட்டது. பெண்ணொருத்தி பையோடு மிதிவண்டியிற் சென்றால் கடைக்குச் செல்கின்றாள் என்று விட்டுவிடுவர். பெண் அஞ்சத்தக்கவள் அல்லள் என்னும் பகைவரின் ஏளனமே அவளுக்குக் கவசமாயிற்று. இவ்வகையால் அப்பிரிவு பிரான்சுக்கு அனுப்பிய பெண்கள் 39 பேர். அவருள் 13 பேர் உயிரோடு திரும்பவில்லை.

பயிற்சியில் நூரைப் பற்றி ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகள் பலவும் சாதகமாக இல்லை. துப்பாக்கியைக் கண்டால் கூசுகின்றார், பொய் சொல்லத் தயங்குகின்றார், எளிதிற் கலங்குகின்றார் என்றெல்லாம் எழுதினர். இறுதிப் பயிற்சியின் தலைவர் இப்பணிக்கு அவர் ஏற்றவர் அல்லர் என்றே முடிவு கூறினார். பிரிவின் தலைவர் பக்மாஸ்டர் அதனை ஏற்காது, நூரை அனுப்பத் துணிந்தார். பிரெஞ்சு மொழியைத் தாய்மொழிபோற் பேசும் தந்தியாளர் கிடைத்தற்கரியர் என்பதும் ஒரு காரணம். இதில் பக்மாஸ்டர் செய்தது சரியா என்பது பற்றி இன்றும் வாதிக்கின்றனர்.

1943 ஜூன் 16-ஆம் நாள் நள்ளிரவில், நிலவொளியில், ஆன்ஜே நகருக்கு அருகேயுள்ள வயலொன்றில் சிறு விமானங்கள் நூரையும் வேறு இரு பெண்களையும் இறக்கிச் சென்றன. பிரான்சுக்கு அனுப்பப்பட்ட முதற் பெண் தந்தியாளர் இவரே. மேடலீன் என்பது இவர்க்கு இட்ட மறைபெயர். பாரிஸில் இயங்கிய பெருங்குழு ஒன்றிற் சேர்ந்து பணியாற்ற வேண்டும் என்பது கட்டளை. இவர் சென்று சேர்ந்து பத்து நாளும் நிரம்பவில்லை. அக்குழுவின் தலைவர் ஜூன் 24-இல் பிடிபட்டார். அடுத்தடுத்துத் தந்தியாளரும் தோழரும் நூற்றுக்கணக்கில் சிறைப்பட்டனர்.

செய்தியறிந்த இலண்டன் அதிகாரிகள் நூரைத் திரும்பி வருமாறு பணித்தனர். அவர் மறுத்தார். தாமும் போய்விட்டால் பாரிஸ் வட்டாரத்தில் எஞ்சியுள்ள தோழர்க்கு இலண்டனோடு பேச வழியில்லை என்பதே அவர் காட்டிய காரணம். அக்காலத்தில் தந்தியாளர் ஒருவர் பிடிபடாது இருக்கும் காலம் சராசரியாக ஆறு வாரம் என்று கணக்கிட்டிருந்தனர். நூர் அதற்கு மேலும் இருமடங்கு நின்றார்.

அப்பணியின் கடுமையைச் சற்று விரித்துச் சொன்னாலன்றி விளங்காது. செய்தி அனுப்பும் பொறி ஒரு சாதாரணப் பயணப் பெட்டியுள் அமைந்தது. ஏறத்தாழ 15 கிலோ எடை. அதற்குரிய வான்கம்பி 70 அடி நீளம். அக்கம்பியை மரக்கிளையிலோ கூரையிலோ எவரும் அறியாது விரித்து, குறித்த நேரத்தில் செய்தியைக் குறியீடாக மாற்றித் தட்டல் வேண்டும். ஜெர்மானியர் ஒலியலை வரும் திசையைக் கண்டறியும் கருவி பொருத்திய வண்டிகளைத் தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டிருந்தனர். ஓரிடத்தில் சில நிமிடங்களுக்குமேல் தட்டினால் வண்டி வாயிலில் வந்து நிற்கும். ஆதலின் நூர் ஒவ்வொரு முறையும் இடம் மாறினார். தலைமயிரின் நிறத்தை மாற்றினார். பெட்டியைத் தாமே சுமந்து திரிந்தார். ஒருநாள் நிலத்தடி இரயிலில் ஜெர்மானியச் சிப்பாய்கள் இருவர் பெட்டியில் என்ன என்று கேட்க, சினிமாக் காட்டும் பொறி என்று சொல்லிச் சிறிது திறந்தும் காட்டினாராம், அவர்கள் நம்பிவிட்டனர். பொய் சொல்லத் தெரியாதவர் என்று எழுதிய ஆசிரியர்கள் அவ்விடத்தில் இருந்திருத்தல் வேண்டும்!

இந்நிகழ்ச்சியை எம்மை வினவிய அம்மாணவிக்குப் பின்னொருநாள் சொன்னோம். அவள் பெட்டியின் எடையை மட்டும் மறுமுறை கேட்டறிந்து, தன் தாய் ஏலத்தோட்டத்தில் சுமக்கும் மூட்டை அதனினும் கனமானது என்றாள். அதனை மறுத்தற்கு எம்பால் ஒன்றும் இல்லை.

நூர் அனுப்பிய செய்திகளால், சுட்டு வீழ்த்தப்பட்ட நேசநாட்டு விமானிகள் பலர் மறைவாகத் தப்புவிக்கப்பட்டனர். எதிர்ப்புக் குழுக்களுக்குப் படைக்கலமும் பணமும் வந்து சேர்ந்தன. சிலகாலம் பாரிஸுக்கும் இலண்டனுக்கும் இடையே அப்பிரிவுக்கு இருந்த ஒரே இணைப்பு இவர் விரல்களே.

1943 அக்டோபர் நடுவில், நாடு திரும்புதற்கான ஏற்பாடு ஆகியிருந்த நிலையில், இவர் காட்டிக்கொடுக்கப்பட்டார். இவரை விற்ற விலை 1,00,000 பிராங்கு என்பர். பிடிக்க வந்தவனோடு இவர் கடுமையாகப் போராடினார். பாரிஸில் ஃபோஷ் நெடுந்தெருவில் இருந்த ஜெர்மானிய இரகசியப் பிரிவின் மாளிகைக்குக் கொண்டு செல்லப்பட்ட அன்றே, குளியலறைச் சாளரம் வழியாக வெளியேறிக் கூரைமேல் நடக்க முயன்று பிடிபட்டார். பின்னரும் ஒருமுறை, வேறு இரு கைதிகளோடு சேர்ந்து, சாளரக் கம்பிகளைக் கழற்றி இரவில் கூரைவழி தப்பினார். அந்நேரத்தில் விமானத் தாக்குதலுக்கான எச்சரிக்கை ஒலிக்க, காவலர் அறைகளைச் சோதித்தமையால் மூவரும் அகப்பட்டனர். இனித் தப்புவதில்லை என்று எழுதிக் கையொப்பமிடுமாறு கேட்டபொழுது நூர் மறுத்துவிட்டார்.

ஈண்டு ஒரு குறையையும் மறையாது சொல்லல் வேண்டும். வாழ்க்கை வரலாறு எழுதுவோர் குணத்தை மட்டும் எழுதினால் அது புகழ்மாலையாகுமேயன்றி வரலாறு ஆகாது. நூர், தாம் அனுப்பிய செய்திகளின் படிகளையெல்லாம் ஓர் ஏட்டில் எழுதி வைத்திருந்தார். அவ்வேடும் பொறியும் பகைவர் கையில் சிக்கின. தமக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையின் ஒரு சொல்லை அவர் பிறழ உணர்ந்தமையே காரணம் என்பர். அவ்வேட்டைக் கொண்டு ஜெர்மானியர் நூரே அனுப்புவதுபோற் பொய்ச் செய்திகளை இலண்டனுக்கு அனுப்பினர். இலண்டனில் இருந்தோர் ஐயத்திற்கிடமான அறிகுறிகள் இருந்தும் அவற்றை நம்பி, மேலும் சிலரை விமானத்தில் இறக்கினர். அவர்கள் இறங்கியது பகைவர் கைக்குள்ளேதான். ஏடு வைத்திருந்தது நூரின் பிழை. அவசரத்தால் பயிற்சியைக் குறைத்து அனுப்பியதும், வந்த எச்சரிக்கையைப் புறக்கணித்ததும் மேலிடத்தார் பிழை. பின்னாளில் பழி பேசிய சிலர் முன்னதையே பெரிதாகப் பேசினர். பெண் பிழைத்தால் அவள் பெண்ணாகையால் பிழைத்தாள் என்பதும், ஆண் பிழைத்தால் சூழ்நிலை அவ்வாறு என்பதும் நம் உலக வழக்கன்றோ? ஆனால் விசாரணையில் தோழர் பெயர் எதனையும் அவர் வாயிலிருந்து பெற இயலவில்லை என்பதைப் பகைவரே போருக்குப் பின் ஒப்புக்கொண்டனர்.

1943 நவம்பரில் நூரை ஜெர்மனியில் ஃபோர்ட்ஸ்ஹைம் என்னும் ஊர்ச் சிறைக்கு அனுப்பினர். அங்கு மிக அபாயமான கைதி என்று குறித்து, கைக்கும் காலுக்கும் விலங்கிட்டு, தனியறையில் பத்துத் திங்கள் வைத்திருந்தனர். அந்நாட்களை விரித்துரைக்க எம் எழுதுகோல் எழவில்லை. 1944 செப்டம்பரில், அவரோடு வேறு மூன்று பெண்களையும் சேர்த்து டாக்கௌ கொடுஞ்சிறைக்குக் கொண்டு சென்றனர். செப்டம்பர் 13-ஆம் நாள் விடியற்காலையில் நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். யோலாந்த் பீக்மன், எலியான் ப்ளூமன், மேடலீன் டாமர்மான் என்பன ஏனைய மூவர் பெயர்கள். நூருக்கு அன்று வயது 30.

அவர் முடிவு நெடுங்காலம் வீட்டாருக்குத் தெரியவில்லை. வேரா அட்கின்ஸ் என்னும் பெண்மணி, பிரெஞ்சுப் பிரிவின் அலுவலகத்தில் இருந்து அப்பெண்களை வழியனுப்பியவர், போர் முடிந்தபின் தாமே ஜெர்மனிக்குச் சென்று, சிறைக்காவலரையும் கைதிகளையும் ஒவ்வொருவராக வினவி, காணாமற்போன ஒவ்வொருவரும் எங்கு எவ்வாறு இறந்தனர் என்பதைக் கண்டறிந்தார். முதலில் நூர் வேறொரு சிறையில் இறந்ததாகவே முடிவு செய்திருந்தனர். பின்னரே உண்மை தெளிந்தது. போர் பெண்ணுக்குக் கொடுத்த வேலைகளுள் இத்தகையதும் ஒன்று.

இனி, முன்னர்க் குறித்த வினாவுக்கு வருவோம். திப்புவின் குலத்தில் தோன்றியவர் ஆங்கிலேயர்க்கு உழைத்தது தகுமா? நூர் பாரிஸில் தனித்து ஒளிந்து திரிந்த அதே 1943 ஜூலை மாதத்தில், சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்தியப் பெண்களைப் படைக்கழைத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற இலட்சுமி என்னும் மருத்துவர் முன்வந்து ஜான்சிராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். மலேயாத் தோட்டங்களில் இரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் பலர் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தனர். அவர்கள் ஆங்கிலேயர்க்கு எதிர்ப்பக்கம். இந்தியாவிலேயோ 1942-இல் ஆங்கில அரசு மகளிர் துணைப்படை ஒன்றை அமைத்திருந்தது. அதிலும் நம் பெண்கள் சேர்ந்தனர். ஆகவே ஒரே காலத்தில், ஒரே நாட்டுக் குலத்துப் பெண்கள் போரின் இருபுறத்தும் நின்றனர். இவருள் யார் பக்கம் சரி என்று வழக்காடுவது எம் கருத்தன்று. இருபக்கத்தாரும் பெண்ணை அழைத்தது ஆளில்லாக் குறையால். அழைப்பை ஏற்ற பெண்களோ அத்தேவைக்கும் மேலே சென்று, தாம் செய்யவல்லது இன்னது என்று காட்டிவிட்டனர். நூர் தந்தி தட்டியதும், இலட்சுமியார் படை நடத்தியதும் போரினால் புதிதாகப் பிறந்த ஆற்றல் அல்ல. முன்னரே இருந்தது, கதவு மட்டும் போரினால் திறந்தது.

திறந்த கதவைப் போர் முடிந்தபின் பலர் விரைந்து சாத்த முயன்றனர் என்பதையும் சொல்லல் வேண்டும். தொழிற்சாலைகளிலிருந்து பெண்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். மலேயாப் பெண்களுள் பலர் மீண்டும் தோட்டத்திற்கே சென்றனர். ஆயினும் முழுதும் சாத்த இயலவில்லை. பிரெஞ்சு மாதர்க்கு வாக்குரிமை 1944 ஏப்ரலில், நூர் விலங்கோடு சிறையில் இருந்தபொழுதே, ஆணையாக வந்தது. நம் சென்னை மாகாணத்து மகளிர் சட்டசபைத் தேர்தலுக்கு வாக்குரிமை பெற்றது 1921-இல் என்பதை ஈண்டு ஒப்பிட்டு மகிழலாம். இவ்வகையில் நாம் பிரெஞ்சுக்காரர்க்கு முந்தியவர். அந்நாட்டில் மணமான பெண் கணவனின் ஒப்புதலின்றி வேலைக்குச் செல்லும் உரிமை 1965-இல் தான் கிடைத்தது. இங்கிலாந்தில் சமவூதியச் சட்டம் 1970-இல் இயற்றப்பட்டது. போர்க்காலத்துக்கென்றே அமைத்த ஆகாயப்படை மகளிர் பிரிவு, 1949 பிப்ரவரியில் நிலையான படையாக மாற்றப்பட்டது. நம் இந்தியத் தரைப்படையில் மருத்துவப் பணியல்லாத பிரிவுகளுக்குப் பெண் அதிகாரிகளை எடுக்கத் தொடங்கியது 1992-இல்.

நூருக்குப் பிரெஞ்சு அரசு 1946-இல் போர்ச்சிலுவைப் பதக்கம் அளித்தது. இங்கிலாந்து அரசு 1949 ஏப்ரலில் ஜார்ஜ் சிலுவை என்னும் உயரிய விருதை அறிவித்தது. அவ்வாண்டிலேயே அவர் தாயார் இறந்தார். பிரான்சில் வலான்சே என்னும் ஊரில், அப்பிரிவைச் சேர்ந்து மாண்ட 104 பேரின் நினைவுக்காக எடுத்த தூண் 1991-இல் திறக்கப்பட்டது. அதில் நூரின் பெயரும் உண்டு. 2012 நவம்பரில் இலண்டனில், அவர் சிறுமியாய் வாழ்ந்த வீட்டுக்கருகே உள்ள கார்டன் சதுக்கத்தில் அவருடைய மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது. போர்க்காலத்தில் அவர் குடியிருந்த டாவிட்டன் தெரு 4-ஆம் எண் வீட்டில், 2020 ஆகஸ்டில் நினைவுப் பலகை பதித்தனர். பிரான்சுக்குப் புறப்படுமுன் அவர் தம் முகவரியாக எழுதிக் கொடுத்தது அவ்வீட்டின் முகவரியே.